எள்ளுக்கு வைத்த பொய் நேர்த்தி

ஜனவரி 10, சனி

இந்தக் கொப்பியை டொலர் கடையில் வாங்கினேன். அட்டையில் ஒரு பூனை கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகம் வாசிக்கிறது. என்னைவிடப் படித்த பூனை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள்.

ஆரபிக்கு உடம்பு கடித்துச் சொறிகிற நாட்களையும் அன்றைக்கு என்ன சாப்பிட்டாள் என்பதையும் எழுதி வைக்கச் சொல்லிக் குடும்ப டொக்டர் கட்டளை. எழுதுகிறேன். இன்று கடி இல்லை. இடியப்பம், சொதி, அரை வாழைப்பழம், என் உயிர்.

ஆரபி என் ஒரே மகள். ஏப்ரல் பதினெட்டில் ஆறு வயது. எள்ளு மட்டும் ஆகாது. ஒரு மணி பட்டாலும் உதடு வீங்கும். மூச்சு முட்டினால் உடனே குத்த, பையில் எந்நேரமும் ஊசிப் பேனா இருக்கும்.

இன்று சனிக்கிழமை. என் மனுசன் குகநேசன் ஸ்கார்பரோ கோயிலில் சனீஸ்வரனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்து, நல்லெண்ணெய் வாசமே இல்லாத கத்தரிக்காய்க் குழம்பை ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டார். பாவம். அந்தக் கதையைப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 14, புதன்

வேலைசெய்கிற சாப்பாட்டுக் கடையில் முந்நூறு மரக்கறி ரோல்ஸ் சுற்றினேன். கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆரபிக்குக் கடி இல்லை.

ஜனவரி 19, திங்கள்

கதையை எழுதுகிறேன். கொப்பியில் இடம் இருக்கிறது, பூனையும் யாருக்கும் சொல்லாது.

ஆரபிக்கு ஒன்றரை வயதில் எள்ளுருண்டை கொடுத்தது நான்தான். ஆசையாகக் கிள்ளி வாயில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் முகம் வேறு பிள்ளையின் முகமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மீட்டார்கள். அதைப்பற்றி இவ்வளவு போதும்.

எள்ளு கொடுக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னதைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "எங்கடை சனத்துக்கு எள்ளு ஒத்துவராதோ? உது வெள்ளைக்காரற்றை வருத்தம்" என்றார்கள். இவருடைய அக்கா ஜெயகௌரி மச்சாள் ஒருபடி மேலே போனார். ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டு விருந்தில் நான் கை கழுவப் போன நேரம் பார்த்து, பிள்ளையின் வாயில் எள்ளுப்பாகு ஒரு துண்டு வைத்துவிட்டார். "கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தால்தான் உடம்பு பழகும், தவமலர்." உடம்பு பழகவில்லை. அம்புலன்ஸ்தான் வந்தது. சனம் பலகாரத் தட்டோடு மண்டப வாசலில் நின்று பார்த்தது.

அடுத்த கிழமை மச்சாளுக்குப் போன் எடுத்து ஒரு பொய் சொன்னேன். "மச்சாள், பிள்ளையின்ரை பேரிலை சனீஸ்வரனுக்கு நேர்த்தி வைச்சிட்டன். இனி அவ எள்ளு தொடக்கூடாது. ஆரும் தெரியாமல் குடுத்தால் குடுத்தவைக்குத்தான் தோஷம்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு குஞ்சும் ஆரபிக்கு எள்ளு நீட்டவில்லை. கோயில் சமையல்கட்டில் மச்சாளே காவல். "இது ஆரபி இருக்கிற பந்தி, நல்லெண்ணெய்ப் போத்திலை அங்காலை எடுங்கோ!" டொக்டர் சொன்ன உண்மை விலைபோகவில்லை. நான் சொன்ன பொய்க்குக் காவல் நிற்கிறார்கள். எனக்கு டொக்டர் வேலை தரலாம்.

ஒரே ஒரு சிக்கல். இவருக்கும் அதையேதான் சொன்னேன். இவர் வாயில் ரகசியம் தங்காது. கேட்ட அன்றே இவரும் எள்ளு, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் விட்டார். "பிள்ளைக்கு இல்லாத ருசி எனக்கென்னத்துக்கு?" என்றார். மூன்றரை வருசமாகப் போகிறது.

ஜனவரி 27, செவ்வாய்

பள்ளிக்கூட வாசலில் பனி முழங்காலுக்கு. ஆரபியின் வகுப்பில் ஓவன் என்று ஒரு வெள்ளைக்காரப் பையன் இருக்கிறான். அவனுக்குக் கச்சான், அதுதான் நிலக்கடலை, ஆகாது. அவனுடைய தாய் ஜில்லும் நானும் ஊசிப் பேனாச் சிநேகிதிகள். இரண்டு பேரின் பையிலும் ஒரே ஆயுதம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அவளோடு கதைத்துத் தெரிந்ததுதான்.

இன்று ஜில் வாயெல்லாம் பல்லாக வந்தாள். ஓவன் நேற்று முழுதாக ஒரு கச்சான் சாப்பிட்டானாம். நான் பேனாவைத் தேடிப் பைக்குள் கைவிட்டேன். அவள் சிரித்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது மருந்தாம். ஒரு வருசமாகத் தூசு அளவில் தொடங்கி, டொக்டர் கண்முன்னால் கூட்டிக் கூட்டிக் கொடுக்கிறார்களாம். எந்த இடம் என்று கேட்டேன். ஆரபியைக் காட்ட நாங்கள் போகிற அதே ஆஸ்பத்திரிக் கிளினிக். அதே டொக்டர்.

"கிளினிக்கிலிருந்து உங்களுக்கும் போன் வந்திருக்குமே?" என்று கேட்டாள்.

வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் போன் எடுப்பது மனுசன், அவர் மறந்திருப்பார் என்றேன். பாவம், எல்லாப் பழியையும் அவர்தான் சுமக்கிறார்.

ஜனவரி 28, புதன்

ரோல்ஸ் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். முதலாளி, "அக்கா, கடலைக் கொண்டுவந்து ஊத்தினனீங்களோ?" என்றான். "ஊர்க் கடல் தம்பி, கனநாள் காணேல்லை எல்லே" என்றேன். சிரித்தான். தப்பித்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். இதற்கு முன் எப்போதும் மச்சாளோடுதான் போவேன். எங்கள் குடும்பத்தின் இங்கிலீஷ் முழுவதும் மச்சாளிடம்தான் இருக்கிறது. இன்று தாதி மார்சியிடம் மொழிபெயர்க்கத் தமிழ் ஆள் வேண்டும் என்று கேட்டேன். போனில் ஒரு பையனைப் பிடித்துத் தந்தாள். செய்தி வாசிக்கிற தமிழ். "தம்பி, சாதாரணமாக் கதையும், நான் பயப்பிடமாட்டன்" என்றேன். மார்சிக்கு ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை.

ஓவனுக்குச் செய்வதை ஆரபிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

மார்சி கம்ப்யூட்டரில் தேடினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். போன் தம்பி தமிழில் சொன்னான்: "குடும்பம் மதக் காரணத்தால எள்ளை எந்த வடிவத்திலையும் பிள்ளைக்குக் குடுக்காது. சிகிச்சை பற்றிப் பேசத் தேவையில்லை. அப்பிடித்தான் எழுதியிருக்கு அக்கா."

மூன்று வருசத்துக்கு முந்தைய திகதி. எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. வீட்டில் எள்ளுப் பாவிப்பீர்களா என்று அன்றைக்கு ஒரு தாதி கேட்டாள். என்னைக் கேட்காமலே மச்சாள் நேர்த்திக் கதையைக் கண்கலங்க இங்கிலீஷில் சொன்னார். தாதி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பக்கத்தில் மச்சாள் இருக்கும்போது வேறு எந்தப் பக்கம் ஆட்டுவது?

மார்சி மன்னிப்புக் கேட்டாள். உங்கள் நம்பிக்கையில் கைவைக்கக்கூடாது என்று மரியாதைக்காகக் கேட்காமல் விட்டோம் என்றாள். மரியாதை நல்ல சாமான்தான். ஆனால் ஒரு தரம் கேட்டிருக்கலாம். ஜில்லிடம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்டுவிட்டா போன் எடுத்தார்கள்?

இதை மார்சிக்குச் சொன்னேன். போன் தம்பி, "அப்பிடியே சொல்லவோ அக்கா?" என்றான். "அப்பிடியே சொல்லும்" என்றேன். மார்சியின் முகம் சிவந்தது. "சரியான கேள்வி" என்றாளாம்.

பிறகு விசயத்துக்கு வந்தாள். இங்கே இந்த மருந்தை ஆறு வயதுக்குள் தொடங்க வேண்டும். சின்ன உடம்பு கெதியாகப் பழகுமாம். மார்ச் பன்னிரண்டுக்கு ஒரு இடம் இருக்கிறது. அதை விட்டால் ஆரபியின் பிறந்தநாளுக்கு முன் வேறு இடம் இல்லை. பிப்ரவரி இருபதுக்குள் தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். முழுக்க மாறும் என்று சத்தியம் பண்ண முடியாது, தவறிக் கொஞ்சம் வாயில் பட்டால் உயிருக்கு மோசம் வராத அளவுக்காவது வரப் பார்க்கலாம் என்றாள். நடுவில் தடிப்பு, வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரலாம், ஊசியும் தேவைப்படலாம் என்பதையும் ஒளிக்கவில்லை.

வெளியே வந்து பார்த்தேன். பொதுவான காத்திருப்பு அறையில் உலகத்திலுள்ள அத்தனை நிறப் பிள்ளைகளும் இருந்தார்கள். மருந்து கொடுக்கிற அறையின் கண்ணாடிக்குள் ஏழு பிள்ளைகள். ஏழு தலை மயிரும் சோளப்பொத்தி நிறம். அந்தக் கண்ணாடியில் கறுப்பாகத் தெரிந்தது என்னுடைய தலை மட்டும்தான்.

பிப்ரவரி 6, வெள்ளி

இவரிடம் இன்று சொல்லலாம் என்று தேத்தண்ணியோடு போனேன். "உங்களுக்கு மயிர் கொட்டுது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்றும் இல்லை. அவர் களைத்திருந்தார். நானும்தான். ஆரபிக்குக் கடி இல்லை, காய்ச்சல் இல்லை, எனக்கும் மச்சாளுக்கும் சண்டை இல்லை. நல்ல நாள் ஒன்றை ஏன் கெடுப்பது?

பிப்ரவரி 14, சனி

சொன்னேன். கோயிலால் வரும் வழியில், காருக்குள். அவர் நெற்றியில் விபூதி இன்னும் ஈரமாக இருந்தது.

"இஞ்சாருங்கோ, அந்த நேர்த்தி..."

"என்ன?"

"நான் வைக்கேல்லை."

"எந்த நேர்த்தி?"

"எத்தினை நேர்த்தி வைச்சிருக்கிறம்? சனீஸ்வரன். அப்பிடி ஒண்டும் இல்லை. அக்கா திரும்பவும் குடுத்திடுவா எண்ட பயத்திலை சொன்ன பொய்."

காரை ஒரு டோனட் கடை முன்னால் நிறுத்தினார். வைப்பர் மட்டும் அங்குமிங்கும் ஆடியது.

"நீர் எனக்கும் பொய் சொன்னனீர்."

"உங்களுக்குச் சொன்னால் அக்காவுக்குத் தெரியும்."

"அதுக்காக மூண்டரை வருசமோ?"

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பகிடி வரும். வரவில்லை. கிளினிக், கையெழுத்து, திகதி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"நீர் பொய்யா வைச்சிருக்கலாம். நான் பொய்யாப் பிடிக்கேல்லை. ஒவ்வொரு சனியும் பிள்ளையின்ரை பேரைச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறன். இப்ப அதை முறிச்சுப்போட்டு அவளுக்கு எள்ளுக் குடுத்து, ஒண்டு நடந்துதெண்டால்? என்னாலை கையெழுத்துப் போடேலாது."

பிப்ரவரி 15, ஞாயிறு

இவர் கதைக்கவில்லை. உப்பு வேண்டுமென்றால் ஆரபியிடம், "அம்மாவிட்டை உப்புக் கேளும்" என்கிறார். ஆரபி என்னிடம், "அம்மா, அப்பா உப்பாம்" என்கிறாள். உண்மைதான் என்றேன்.

பின்னேரம் மச்சாள் வந்தார். தம்பிக்காரன் போன் போட்டிருக்கிறார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"தவமலர்! கடவுளை வைச்சுப் பொய் சொன்னனீரோ?"

"உங்களை வைச்சுச் சொன்னால் எடுபடாது மச்சாள்."

"பகிடியோ இது? என்னைக் கோயில் குசினியிலை காவல் நாய் மாதிரி நிக்க வைச்சிட்டீரே!"

"நல்லா நிண்டனீங்கள். அதாலைதான் பிள்ளை இருக்கிறா."

மச்சாள் கதிரையில் இருந்தார். பிறகு மருந்து என்ன மருந்து என்று கேட்டார். சொன்னேன். மச்சாளின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கினமோ? நான் அண்டைக்கே சொன்னன் எல்லே! உடம்பு பழகும் எண்டு சொன்னது ஆர்? நான்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "மச்சாள், நீங்கள் குடுத்தது துண்டு. அவை குடுக்கிறது துண்டைத் தட்டினால் விழுற தூசு. அதையும் பக்கத்திலை டொக்டர், ஊசி, ஒட்சிசன் எல்லாம் வைச்சுக்கொண்டு குடுக்கினம். உங்களுக்குப் பக்கத்திலை இருந்தது பாயாச வாளி."

அப்போதுதான் மச்சாள் சப்பாத்தைக் கழற்றினார். "அண்டைக்கு அம்புலன்ஸுக்குப் பின்னாலை நானும் ஓடினனான், உமக்குத் தெரியாது" என்றார். தெரியாதுதான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மச்சாள்தான் வழி சொன்னார். தம்பிக்குச் சாமிப் பயம் என்றால் சாமியிடமே கொண்டுபோவோம் என்றார். மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். குருக்கள் ஐயா மாலை கட்டிக்கொண்டிருந்தார்.

"நேர்த்தி ஒண்டை முடிச்சு வைக்கவேணும் ஐயா" என்றார் இவர்.

"வைச்சது ஆர்?"

இவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "ஒருத்தரும் வைக்கேல்லை ஐயா" என்றேன்.

"அப்ப நான் எதை முடிக்கிறது?"

மச்சாள் முழுக் கதையையும் சொன்னார். இந்தத் தரம் தமிழில் கண்கலங்கினார். ஐயா மாலையைக் கீழே வைத்தார். எங்கே ஏச்சு விழப்போகிறதோ என்று நான் தலைப்பைச் சரிசெய்தேன். அவர் இவரைத்தான் கேட்டார்.

"எள்ளை விட்டது ஆர்?"

"நான்தான் ஐயா."

"அப்ப அது உம்முடைய நேர்த்தி. பிள்ளையின்ரை இல்லை. பிள்ளை ஒண்டும் வாக்குக் குடுக்கேல்லையே. நீர் என்ன கேட்டு எள்ளை விட்டனீர்?"

"பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு."

"மருந்து வந்திருக்கு எண்டுறியள். வேறை என்ன வரவேணும்?"

பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, அடுத்த முறை பொய் சொல்லுறதெண்டால் கோயிலை இழுக்காதை. எங்களுக்கு ஏற்கெனவே வேலை கூட" என்றார். அவர் எனக்கும் மேலே பகிடிக்காரன். இத்தனை வருசம் தெரியாமல் போய்விட்டது.

பிப்ரவரி 18, புதன்

கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ஆரபி எள்ளுச் சாப்பிடுற நாள்வரைக்கும் நான் தொடமாட்டன். இது என்ரை நேர்த்தி" என்றார். "குழம்பிலை உப்புக் குறைவு" என்று என்னிடமே நேரடியாகவும் சொன்னார். எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று எழுதமாட்டேன். கொப்பியை இவர் வாசித்தாலும் வாசிப்பார்.

மார்ச் 12, வியாழன்

கிளினிக். ஆரபி, இவர், மச்சாள், நான், காலை எட்டரையிலிருந்து மதியம் வரைக்கும். யோகட்டில் எள்ளுத் தூள், ஐந்து தரம், ஒவ்வொரு தரமும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூட. நடுவில் அரைமணி நேரம் பொறுத்துப் பார்ப்பார்கள்.

மார்சி கரண்டியை என்னிடம் நீட்டினாள். வீட்டில் ஒவ்வொரு நாளும் நான்தான் கொடுக்க வேண்டும், ஆகவே முதல் நாளும் நான்தான் கொடுக்க வேண்டுமாம். நான் எதற்கும் கை நடுங்காதவள். கொதிக்கும் எண்ணெயில் ரோல்ஸ் போடுகிறவள். கரண்டி கொஞ்சம் வழுக்கியது, அவ்வளவுதான். மார்சி புதுக் கரண்டி தந்தாள். அதுவும் வழுக்கியது.

இவர் எழும்பி வந்தார். கரண்டியை வாங்கிவிடுவார் என்று நினைத்தேன். வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகக் கொடுத்தோம்.

ஆரபி நக்கிப் பார்த்தாள். "மண் மாதிரி இருக்கு" என்றாள்.

அரைமணி நேரம் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, என்னைப் பாக்காதேங்கோ, படம் பாருங்கோ" என்றாள். டிவியில் ஒரு பன்றி குடை பிடித்துக்கொண்டு போனது. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். ஒரு உதடும் வீங்கவில்லை.

ஐந்தாவது கரண்டி. அதுவும் போனது.

மார்சி கம்ப்யூட்டரைத் திறந்து, மதக் காரணம் என்ற வரியை அழித்துவிட்டேன், அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். மச்சாள் இங்கிலீஷ் சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, என் இங்கிலீஷிலேயே சொன்னேன். அம்மா பயம். இனிக் கேளுங்கள்.

அவள் எழுதினாள். எல்லாருடைய பைலையும் இனித் திருப்பிப் பார்க்கப்போகிறார்களாம். எத்தனை பேருக்கு இப்படி ஒரு வரி கிடக்கிறதோ தெரியவில்லை, வெட்கமாக இருக்கிறது என்றாள். வெட்கப்பட்டது போதும், போனைத் தூக்குங்கள் என்று மச்சாளைக்கொண்டு சொல்லுவித்தேன்.

மார்ச் 13, வெள்ளி

கொடுத்தேன். ஒன்றுமில்லை.

மார்ச் 14, சனி

ஒன்றுமில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கொடுத்து இருபது நிமிடத்தில் கழுத்தில் மூன்று தடிப்பு. ஊசிப் பேனாவைக் கையில் எடுத்து மூடியையும் கழற்றிவிட்டேன். மூச்சு நன்றாக இருந்தது, கதையும் நன்றாக இருந்தது: "அம்மா, எனக்குக் குத்தவேண்டாம், சோபாவுக்குக் குத்துங்கோ." கிளினிக் போனுக்கு அடித்தேன். கடி மருந்து கொடுக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் தடிப்பு அடங்கியது. மூக்கொழுகுகிற தடிமன்தான் காரணமாம், தடிமன் நாளில் அளவைக் குறைக்க வேண்டுமாம். முன்பே சொல்லியிருந்தார்கள், நான்தான் மறந்துவிட்டேன். இனி மறக்கமாட்டேன்.

மருந்தை விடுவோமா என்று இவர் கேட்டார். இல்லை என்றேன். யோசிக்காமலே வாயில் வந்தது.

ஏப்ரல் 18, சனி

ஆறு வயது. கேக்குக்கு முதல் மருந்து, மருந்துக்கு முதல் சோறு. இரண்டாம் தரமும் அளவு கூட்டியாயிற்று. ஒன்றுமில்லை.

மே 8, வெள்ளி

முதலாளியைக் கேட்டுக் கடைச் சுவரில் ஒரு கடதாசி ஒட்டினேன். ஒரு பக்கம் அறை வாடகைக்கு, மறு பக்கம் வயலின் வகுப்பு, நடுவில் நான். எழுத்துக் கோணல்தான், ஆனால் பெரிதாக எழுதினேன்:

பிள்ளைக்கு எள்ளு, கச்சான், முட்டை, பால் ஒத்துவராதோ? ஒளிக்காதேங்கோ. சின்ன வயசிலை தொடங்கினால் சிகிச்சை இருக்கு. வீட்டிலை நீங்களாச் செய்து பாக்காதேங்கோ, ஆபத்து. டொக்டரைக் கேளுங்கோ. அவர் சொல்லாட்டிலும் கேளுங்கோ. விபரத்துக்கு: தவமலர், ரோல்ஸ் மேசை.

மச்சாள் வந்து பார்த்துவிட்டு, "ஆபத்து எண்டதைச் சிவப்பிலை எழுதும்" என்றார். அவரே கோடு கீறினார்.

மதியம் வரைக்கும் ஒருவரும் வரவில்லை. முதலாளி, "அக்கா, உங்களுக்கு ரோல்ஸே விக்குதில்லை, இதிலை ஆஸ்பத்திரி வேறை" என்றான். நாலு மணிபோல ஒரு இளம் பெண் வந்தாள். முன்பின் கண்டதில்லை. இரண்டு கொத்துரொட்டி சொல்லிவிட்டு, காசு கொடுத்துவிட்டு, போகாமல் நின்றாள். கடதாசியைப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். மேசைக்கு மேலால் குனிந்தாள்.

"அக்கா... என்ரை மகனுக்குக் கச்சான் ஒத்துவராது. மாமி ஆக்களுக்குத் தெரியாது. அவனுக்குக் கச்சான் பிடிக்காது எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறம்."

கையுறையைக் கழற்றினேன். "ஆஸ்பத்திரிக் கிளினிக்கிலை என்ன சொன்னனீங்கள்?"

"மாமிதான் கூட வாறவ. அதாலை அங்கையும் பிடிக்காது எண்டுதான்."

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"நாலரை."

கதிரையை இழுத்து அவளுக்குப் போட்டேன்.

"நாலரை எண்டால் போதும் பிள்ளை. ஆறு வயசுக்கு இன்னும் நேரம் கிடக்கு. இரும்."